கதிரை தந்தது காணும், சம்பளம் தாங்கோ

போன வருசம் நாங்கள் ஒரு முன்பள்ளிக்குச் சுவர் கீறப் போனோம். கலைப்பீடத்துப் பெடியள் பெட்டையள் ஒன்பது பேர், நாலு வாளி பெயின்ற், ஒரு இரவல் ஏணி, இரண்டு நாள். யானை, வண்ணத்துப்பூச்சி, அ ஆ இ ஈ எல்லாம் கீறினோம். படம் எடுத்து முகநூலில் போட்டோம். "வாழ்த்துகள் தம்பி தங்கச்சிமார்" எண்டு கொமன்ற் வந்தது. ரீச்சர் எங்களுக்குப் பிளேன்ரீ ஊத்தித் தந்தா. அந்தச் சீனியும் தேயிலையும் அவ தன்ர வீட்டிலிருந்து கொண்டு வந்தது எண்டு பிறகுதான் தெரிய வந்தது.

இந்த வருசம் அந்த ரீச்சர் அங்கே இல்லை. பதின்மூன்று வருசம் படிப்பிச்சவ, இப்ப ரவுணில் ஒரு புடவைக்கடையில் நிற்கிறா. எங்களில் ஒருத்தி சட்டைத்துணி எடுக்கப் போன இடத்தில் கண்டு கதைச்சிருக்கிறா. "நிண்டு நிண்டு கால் நோகுதுதான் பிள்ளை, ஆனா மாசம் முடிய சம்பளம் வருது" எண்டு சொல்லியிருக்கிறா. நாங்கள் கீறின யானை மட்டும் சுவரில் அப்படியே நிற்கிறது.

அதனால் இந்தக் கட்டுரையை முதலில் எங்களைத் திட்டிக்கொண்டுதான் தொடங்க வேண்டும். அந்த இரண்டு நாளும், "ரீச்சர், உங்களுக்கு எவ்வளவு தருகினம்?" எண்டு ஒரு ஆளும் கேட்கவில்லை. சுவரில் என்ன நிறம் அடிப்பது எண்டுதான் கேட்டோம்.

இப்போது கேட்டுத் தெரிந்துகொண்ட கணக்கு இது. பத்தொன்பது பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு மாதம் 600 ரூபாய். எல்லாரும் கட்டினால் 11,400. எல்லாரும் கட்டுவதில்லை. கடலுக்குப் போகாத மாதத்தில், கூலிவேலை கிடைக்காத மாதத்தில், "அடுத்த மாசம் சேர்த்துத் தாறன் ரீச்சர்" எண்டு சொல்லுகிற அம்மாவிடம் வாய்விட்டுக் கேட்க முடியாது. வருகிற காசை இரண்டு ரீச்சர்மார் பிரிக்க வேண்டும். கரன்ற் பில்லும் வெண்கட்டியும் அதற்குள்தான். மாகாணத்திலிருந்து வரும் கொடுப்பனவு 6,000. எப்படிக் கூட்டினாலும் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டாது. இந்த நாட்டில் தனியார் துறைக்கான தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாய் ஆக்கப்பட்டிருந்தது. அதாவது, கடையில் புடவை மடிக்கிற ஆளுக்கு இதைவிடக் குறையக் கொடுத்தால் சட்டத்தில் குற்றம். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கதை சொல்லி, மூக்குத் துடைத்து, சிலேட்டில் கைபிடித்து எழுதப் பழக்குகிற ஆளுக்கு அதில் பாதி கூட இல்லை. ஆனால் அது குற்றம் இல்லையாம். ஏனெண்டால் அது "தொண்டு".

இந்தச் சொல்லோடுதான் எங்கட சண்டை.

வடக்கில் முன்பள்ளிகளை யார் நடத்துகிறார்கள் எண்டு உங்கட ஊரில் ஒருக்கால் எண்ணிப் பாருங்கோ. சனசமூக நிலையம் நடத்தும். மாதர் சங்கம் நடத்தும். கோயில், தேவாலயம், ஏதாவது ஒரு அறக்கட்டளை நடத்தும். அரசாங்கம் நேரடியாக நடத்துவது அரிது. நாங்கள் பெருமைப்படுகிற இலவசக் கல்வி 1945இல் வந்தது. கட்டாயக் கல்வி வயது 2016இல் 5 தொடக்கம் 16 எண்டு ஆனது. ஐந்து வயதுக்குக் கீழே இலவசமும் இல்லை, கட்டாயமும் இல்லை. பிள்ளையின் மூளை மிக வேகமாக வளருகிற வருசங்கள் இவைதான் எண்டு கல்வியியல் விரிவுரையில் எங்களுக்குப் படிப்பிக்கிறார்கள். அந்த வருசங்களை அப்படியே ஊர்ச் சங்கத்தின் தலையில் கட்டிவிட்டு அரசு கையைக் கழுவிக்கொண்டது. சங்கங்கள் தொண்டு செய்வதாக நினைத்துக்கொண்டு அரசின் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. அதுவும் ரீச்சர்மாரின் சம்பளத்தில் மிச்சம் பிடித்து.

சரி, உள்ளூராட்சி மன்றம் என்ன செய்கிறது? ஒன்றும் செய்யவில்லை எண்டு சொன்னால் பொய். கதிரை தரும். எங்கட முன்பள்ளிக்கும் தந்தது. சின்னப் பிளாஸ்ரிக் கதிரைகள், முதுகில் சபையின் பெயர் பெயின்ற்றில். அதைக் கையளிக்க ஒரு விழா. மாலை, மங்கள விளக்கு, நாலு கௌரவ விருந்தினர், அவர்களுக்கு முன்னால் வெயிலில் வரவேற்பு நடனம் ஆடுகிற நாலு வயதுப் பிள்ளைகள். விளையாட்டு விழாவுக்குக் கேடயம் தரும். ஒளிவிழாவுக்குப் பரிசுப்பொதி தரும். சனசமூக நிலையம் பதிவைப் புதுப்பித்து ஆண்டறிக்கை கொடுத்தால் பத்திரிகைச் செலவுக்கு ஒரு சின்ன நன்கொடையும் வரும். ரீச்சரின் கொடுப்பனவுக்கு ஏதாவது தாங்கோ எண்டு நிர்வாகம் கடிதம் கொடுத்ததாம். "அதுக்குச் செலவுத் தலைப்பு இல்லை" எண்டு பதில் வந்ததாம்.

கதிரைக்குத் தலைப்பு இருக்கு. ரீச்சருக்கு இல்லை. காரணம் விளங்காமல் இல்லை. கதிரை ஒருமுறைச் செலவு. விலைகோரல் எடுத்து வாங்கினால் கணக்காய்வுக்காரர் வந்து எண்ணிப் பார்க்கலாம். படம் எடுக்கலாம். சம்பளம் மாதாமாதம் வருகிற செலவு, அதற்கு நாடா வெட்ட முடியாது. அடுத்த தேர்தலில் "நான்தான் தந்தனான்" எண்டு காட்ட ஒரு பொருளும் மிஞ்சாது.

"முன்பள்ளி மாகாணசபை விடயம், எங்களுக்கு அதிகாரம் இல்லை" எண்டு ஒரு நியாயம் சொல்லுவார்கள். முன்பள்ளிகளின் மேற்பார்வை 13ஆவது திருத்தத்தின்படி மாகாணசபைக்கு உரியது, உண்மை. ஆனால் வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. ஆளே இல்லாத கதவைக் காட்டி "அங்க போய்த் தட்டுங்கோ" எண்டு சொல்வது என்ன நியாயம்? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் 3ஆம் பிரிவிலேயே தன் எல்லைக்குள் இருக்கும் மக்களின் நலனைப் பேணுவதையும் சபையின் பொறுப்பாக வைக்கிறது. நாட்டில் சில சபைகள் தாங்களே முன்பள்ளி நடத்துகின்றன. அங்கே இருக்கிற அதிகாரம் எங்கட ஊர் எல்லை வந்ததும் எங்கே போகிறது?

"காசு இல்லை" எண்டது அடுத்தது. வறிய சபைகள் இருக்கின்றன, அதை மறுக்க மாட்டோம். ஆனால் சோலைவரி வருகிறது, சந்தைக் குத்தகை வருகிறது, காணி கைமாறும்போது முத்திரைத் தீர்வை வருகிறது. ஒரு கணக்குக்குச் சொல்லுகிறோம்: ஒரு சபை எல்லைக்குள் முப்பது முன்பள்ளி, அறுபது ரீச்சர்மார் எண்டு வையுங்கோ. ஆளுக்கு மாதம் 10,000 கூடக் கொடுத்தால் வருசத்துக்கு 7.2 மில்லியன். வீதி போடுகிற இடங்களில் மதிப்பீட்டுத் தொகை எழுதின பலகை நடுவார்கள் அல்லவா, அதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. வீதி வேண்டாம் எண்டு சொல்லவில்லை. மழைக்குள் சைக்கிள் உருட்டிப் படிக்கப் போனவர்கள்தான் நாங்களும். ஆனால் வட்டார ஒதுக்கீடு எண்டு வந்தால் எல்லா உறுப்பினருக்கும் வீதியும் மதகும் மின்விளக்கும் மட்டும்தான் கண்ணில் படுகிறது.

அரசுக்கு முன்பள்ளி ரீச்சருக்குச் சம்பளம் கொடுக்கத் தெரியாது எண்டும் சொல்ல ஏலாது. போருக்குப் பிறகு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் முன்பள்ளிகளை நடத்தியது. பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழான திணைக்களம். அங்கே வேலை செய்த ரீச்சர்மாருக்கு மாகாணக் கொடுப்பனவைவிடப் பல மடங்கு சம்பளம். பக்கத்துப் பக்கத்து ஊர், அதே வயதுப் பிள்ளைகள், அதே பாட்டு. ஒருவருக்கு வாழக்கூடிய சம்பளம், மற்றவருக்குப் பஸ் காசு. முன்பள்ளிகளை இராணுவமயமாக்காதே எண்டு எங்கட ஆக்கள் சரியாகத்தான் கத்தினார்கள். நாங்களும் கத்துவோம். ஆனால் அந்த வேலையை விட்டு வெளியே வா எண்டு அந்தப் பெண்களைக் கேட்டவர்கள், வெளியே வந்தால் யார் சம்பளம் தருவது எண்ட கேள்விக்குப் பதில் வைத்திருக்கவில்லை. அவர்களில் எத்தனை பேர் குடும்பத்தைத் தனியாகத் தாங்கினவர்கள் எண்டும் யோசிக்கவில்லை. இராணுவத்தின் கையில் பிள்ளைகள் இருக்கக் கூடாது எண்டால் சபையின் பாதீட்டில் அவர்களுக்கு இடம் இருக்க வேண்டும்.

இன்னொரு பயமும் இருக்கு, வெளியே சொல்ல மாட்டார்கள். "ஒருக்கால் சம்பளம் குடுத்தா நாளைக்கு நிரந்தர நியமனம் கேப்பினம்." தொண்டர் ஆசிரியர்கள் நியமனம் கேட்டு வெயிலில் இருந்ததை நாங்களும் கண்டனாங்கள். கேட்டால் என்ன பிழை? அப்படியே சட்டச் சிக்கல் எண்டாலும் வழி இருக்கு. காசைச் சபை தனி ஆளுக்குக் கொடுக்கத் தேவையில்லை, நடத்துகிற அமைப்புக்குக் கொடுக்கலாம். எழுத்தில் ஒப்பந்தம், ஒரு வருசத்துக்கு அல்ல, மூன்று வருசத்துக்கு. காசின் பெரும்பங்கு ரீச்சரின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும் எண்டு நிபந்தனை.

நிபந்தனை எண்டதும் சங்கங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். எங்கட அமைப்புகளும் ஒன்றும் பால்குடிகள் இல்லை. நிர்வாகக் கூட்டத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் ஆம்பிளையள், வகுப்புக்குள் மட்டும் பொம்பிளையள். ரீச்சர் லீவு கேட்டால் தலைவர் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். சில ஊர்களில் எந்தச் சனசமூக நிலையத்துக்கு எந்த ஆக்கள் போகலாம் எண்டது எழுதாத சட்டம். ஒரே ஒழுங்கையில் இரண்டு முன்பள்ளி, ஒவ்வொன்றிலும் பத்துப் பிள்ளை. ஏன் எண்டு கேட்டால் எல்லாரும் வேறு பக்கம் பார்ப்பார்கள். பொதுக்காசு வாங்குகிற இடம் எந்தப் பிள்ளையையும் சாதி பார்த்தோ, கட்டணம் கட்டவில்லை எண்டோ திருப்பி அனுப்பக் கூடாது. கணக்கை வாசலில் ஒட்ட வேண்டும். ரீச்சரும் இரண்டு அம்மாமாரும் நிர்வாகத்தில் இருக்க வேண்டும். நன்கொடைக்கு நிபந்தனை போட ஏலாது, நன்றி மட்டும்தான் சொல்லலாம். ஒப்பந்தக் காசுக்கு இரண்டு பக்கமும் கேள்வி கேட்கலாம். கதிரை கொடுப்பதில் எல்லாருக்கும் வசதியாக இருப்பது இதுதான்.

வெளிநாட்டு உறவுகளுக்கும் ஒரு சொல். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற ஊர்ச்சங்கங்கள் முன்பள்ளிக்குக் கட்டடம் கட்டுகிறார்கள், அம்மா அப்பா நினைவாகப் பெயர்க்கல் பதிக்கிறார்கள். மனசு நல்லது. கட்டடம் திறந்த பிறகு உள்ளே நிற்கிற ஆளை யார் பார்ப்பது எண்டு கேட்டால் சங்கத்தில் தலைவர் மாறிவிட்டார் எண்டு பதில் வரும்.

இதில் பகல்நேரப் பராமரிப்பைச் சேர்க்காமல் விட்டால் பாதிக் கதைதான். முன்பள்ளி பன்னிரண்டு மணிக்கு முதல் விட்டுவிடும். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற அம்மா இருட்டுப்பட்டுத்தான் வருவா. இடையில் அம்மம்மா, இல்லாட்டிப் பக்கத்து வீடு, இல்லாட்டிப் படிப்பை விட்ட அக்கா. இந்த நாட்டில் வேலைக்குப் போகிற வயதுப் பெண்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் தொழிற்படையில் இருக்கிறார்கள் எண்டு பொருளியல் வகுப்பில் படித்துவிட்டு, ஏன் எண்டு பரீட்சைக்கு ஐந்து காரணம் எழுதுகிறோம். அதே கட்டடம், அதே கதிரை பின்னேரம் நாலு மணிவரை திறந்திருந்தால் ஒரு காரணம் குறையும். மலையகத்தில் பிள்ளைமடுவம் எண்ட ஒன்று தலைமுறையாக இருக்கிறது. கொழுந்து பறிக்கக் கை வேண்டும் எண்டதற்காகத் தோட்ட நிர்வாகம் வைத்தது, அன்பில் அல்ல. ஆனால் 2018இல் சட்டம் திருத்தப்படும்வரை அந்தத் தோட்டங்களுக்குள் பிரதேச சபை தன் காசைச் செலவழிக்கவே ஏலாமல் இருந்தது. வாக்குப் போடலாம், சேவை கேட்க முடியாது. இப்போது சட்டத் தடை இல்லை. எத்தனை சபை பிள்ளைமடுவத்தின் பக்கம் போயிருக்கிறது எண்டு அங்கே இருக்கிற தோழர்கள் எழுத வேண்டும்.

2023 மார்ச்சில் சபைகள் கலைந்து, 2025 மே 6இல்தான் திரும்பத் தேர்தல் நடந்தது. இரண்டு வருசத்துக்கு மேல் கேட்க ஆளில்லை எண்டு சொன்னோம். இப்போது ஆள் இருக்கு, நாங்கள் போட்ட வாக்கு இருக்கு. வருச முடிவுக்குள் அடுத்த பாதீடு வரும். வரைபைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள், பார்க்க ஒருவரும் போவதில்லை. நாங்கள் போகப் போகிறோம். போன மூன்று வருசமும் முன்பள்ளிகளுக்கு எவ்வளவு, எந்தத் தலைப்பில், என்ன பொருளுக்கு எண்டு 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எங்கள் ஒன்பது பேரின் ஊர்ச் சபைகளுக்கும் விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். தமிழில் ஒரு பக்கம்தான், கஷ்டம் இல்லை. உங்கட சபைக்கும் அனுப்பலாம், மாதிரி வேண்டுமெண்டால் எங்களுக்கு எழுதுங்கோ. விடையை வந்தபடியே இங்கே போடுவோம், சாக்கு எண்டால் சாக்கையும் போடுவோம்.

இந்த வருசமும் சுவர் கீற வரச்சொல்லி இரண்டு முன்பள்ளிகள் கேட்டிருக்கின்றன. போவோம். ஆனால் இந்த முறை முதலில் ரீச்சரிடம் சம்பளத்தைக் கேட்டு, நிர்வாகத்தோடு இருந்து சபைக்குக் கடிதம் எழுதிவிட்டுத்தான் பெயின்ற் வாளியைத் திறப்பது எண்டு முடிவு. பழைய முன்பள்ளியில் இப்போது ஏ.எல். எழுதிவிட்டு பெறுபேறு பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு தங்கச்சி நிற்கிறா. கம்பஸ் கிடைத்தால் போய்விடுவன் எண்டு வந்த முதல் நாளே சொல்லிவிட்டாவாம்.