பாகூர் 1752: குண்டு சரியா உட்காராத கதை

பாகூர்னு சொன்னா நம்ம ஆளுங்க ஏரியைச் சொல்வாங்க, மூலநாதர் கோயிலைச் சொல்வாங்க, கொஞ்சம் படிச்சவங்க செப்பேட்டைச் சொல்வாங்க. 1752ல அங்க நடந்த சண்டையை யாரும் சொல்றதில்லை. சொல்ற ஒண்ணு ரெண்டு புத்தகமும் "வெள்ளைக்காரன் வீரம்"னு ஒரே வரியில முடிச்சிடுது. எனக்கு அதுலதான் கடுப்பு.

நடந்தது இதுதான். ஆங்கிலேயர் பக்கம் மேஜர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ். பிரெஞ்சுப் பக்கம் டூப்ளேயோட உறவுக்காரர் கெர்ஜான். ரெண்டு பக்கமும் சுமார் 400 ஐரோப்பியர், ஆயிரத்துக்கும் மேல நம்ம ஊர் சிப்பாய்கள். (தேதியில ஒரு குழப்பம் உண்டு. ஆங்கிலப் புத்தகத்துல ஆகஸ்ட் 26, இன்றைய கணக்குப்படி செப்டம்பர் 6. இங்கிலாந்து பழைய காலண்டரை விட்டதே அந்த செப்டம்பர்லதான்!) கடைசியில ரெண்டு வரிசையும் நேருக்கு நேர் மோதி, துப்பாக்கி முனையில மாட்டிய கத்தியால குத்திக்கிட்டாங்க. பிரெஞ்சு வரிசை உடைஞ்சது, கெர்ஜான் கைதானார்.

கையில துப்பாக்கி இருக்கும்போது ஏன் குத்திக்கணும்? வீரம் இல்லைன்னு நான் சொல்லல. ஆனா பாதிக் காரணம் குண்டு.

அந்தக் காலத்துல தோட்டான்னா காகிதப் பொட்டலம். பல்லால கடிச்சுக் கிழிக்கணும், மருந்தைக் குழல்ல கொட்டணும், ஈயக்குண்டைப் போட்டு நீளக் கம்பியால கெட்டிக்கணும். ஆங்கிலேயர் துப்பாக்கியோட குழல் 0.75 அங்குலம், குண்டு ஏறக்குறைய 0.69தான். வேணும்னேதான் சின்னதா செஞ்சாங்க. கருமருந்து எரிஞ்சா கசடு குழல்ல ஒட்டிக்கும். குண்டு கச்சிதமா இருந்தா நாலு ரவுண்டுக்கு அப்புறம் உள்ளேயே இறங்காது. பாதியில நின்னுட்டாலோ, மருந்துக்கும் குண்டுக்கும் நடுவுல இடைவெளி விழுந்து குழலே வெடிக்கலாம்.

சரி, தளர்வா வச்சா? குண்டு குழலுக்குள்ள இடிச்சு இடிச்சு வெளியே வந்து எங்கயோ போகும். 100 கஜத்துல ஒரு ஆளைக் குறி வச்சு அடிச்சா அது அதிர்ஷ்டம்தான். நிமிஷத்துக்கு ரெண்டு மூணு தடவைதான் சுட முடியும். அதுக்குள்ள எதிராளி பக்கத்துல வந்துடுவான். அப்புறம் கத்திதானே?

குழலுக்குள்ள வரி வெட்டிய ரைபிள் அப்பவே இருந்தது, குறியும் தப்பாது. ஆனா குண்டை இறுக்கி இறக்கவே நேரம் போயிடும், அதனால பெரும்படைக்கு ஒத்து வரல. இதைத் தீர்த்து வச்சது ஒரு பிரெஞ்சுக்காரர்தான், மினியே, 1849ல. சுலபமா இறங்கற சின்னக் குண்டு, அடியில குழிவு. சுடும்போது அந்த அடிப்பாகம் விரிஞ்சு வரியைக் கவ்விக்கும். பாகூருக்கு 97 வருஷம் லேட் :-)

அந்த வழியில வந்த என்ஃபீல்டு ரைபிளோட தோட்டாவுல கொழுப்புத் தடவினாங்க இல்லையா, எதுக்கு? குண்டு சிக்காம உள்ள இறங்கத்தான். பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்புன்னு பேச்சு கிளம்பி 1857 வெடிச்சது நமக்குத் தெரியும். வாயில கடிக்க வேண்டியவன் சிப்பாய் ஆச்சே!

இன்னைக்கும் வெளிநாட்டுல உரிமத்தோட தோட்டா தயார் பண்றவங்க ஆயிரத்துல ஒரு அங்குலம் வரைக்கும் அளக்கறாங்க. பித்தளைக் கூட்டோட கழுத்து தளர்ந்து குண்டு உள்ளே நழுவினா அழுத்தம் ஏறும். வெளியே நீண்டு வரியில முட்டினாலும் ஏறும்.

புத்தகத்துல லாரன்ஸ் பேரு இருக்கு, கெர்ஜான் பேரு இருக்கு. ரெண்டு பக்கமும் காகிதத்தைக் கடிச்சவங்க பேரு தேடினாலும் கிடைக்கறது கஷ்டம். குறைஞ்சபட்சம் அவங்க கையில என்ன கொடுத்து அனுப்பினாங்கன்னாவது நம்ம பசங்களுக்குச் சொல்லலாம். பாகூர் பள்ளிக்கூடத்துக்கு ஒரு முக்கால் அங்குல பிளாஸ்டிக் குழாயும் ஒரு கோலிக்குண்டும் போதும். உள்ளே போட்டு ஆட்டச் சொல்லுங்க, கடகடன்னு சத்தம் வரும். அதைக் கேட்டப்புறம் லாரன்ஸைப் பத்திப் பாடம் நடத்துங்க.