உறக்கமும் உரிமையே

மாணவர்களே! ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லின் வண்டிகளை நீங்கள் கண்டிருக்கலாம். அவற்றின் ஓட்டுநர்களுள் பலர், எந்த வகுப்பிலும் அமராமலே பிற மொழிகளைப் பேசக் கற்றவர்கள். நாடு முழுவதையும் அறிந்தவர்கள்.

ஆயினும், சரக்கை ஏற்றவும் இறக்கவும் அவர்கள் நாள்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. நடைக்கு இவ்வளவு என ஊதியம் பேசப்படும்போது, காத்திருக்கும் நாளுக்குக் கூலி கிடைப்பதில்லை. இழந்த நேரத்தை உறக்கத்தைக் குறைத்தே ஈடுசெய்கின்றனர். 1961ஆம் ஆண்டிலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், பொதுவாக நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என வரையறுத்தது. நெடுஞ்சாலையில் அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றுவிட்டது.

ஓட்டுநர் கண்ணயர்ந்தால் சாலையில் செல்வோர் அனைவருக்கும் ஆபத்து. எனவே, காத்திருப்புக்குக் கூலி வழங்குவதும், நெடுந்தொலைவு வண்டிக்கு இரண்டாம் ஓட்டுநரை அமர்த்துவதும் சலுகைகள் அல்ல, கடமைகள்.