காப்பி அடிக்கக் கூடாத கணக்கு!

குட்டீஸ்! 2025 செப்டம்பரில் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. ‘இந்தியாவில் சிசு மரண விகிதம் 25 ஆகக் குறைந்தது’ என்று. ‘இது பெரியவங்க சமாச்சாரம்’ என்று பக்கத்தைப் புரட்டிவிட்டீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். அந்த 25-க்குப் பின்னால் உங்கள் கணக்குப் பாடம் ஒளிந்திருக்கிறது!

முதலில், 25 என்றால் என்ன? உயிரோடு பிறக்கும் 1,000 குழந்தைகளில் 25 பேர், தங்களின் முதல் பிறந்த நாளைப் பார்க்காமலேயே இறந்துபோகிறார்கள் என்று அர்த்தம். இது 2023-ஆம் ஆண்டின் கணக்கு. 2013-இல் இந்த எண் 40. அதற்கும் முன்னால், 1971-இல் 129!

எப்படிக் குறைந்தது? தடுப்பூசி, சுத்தமான குடிநீர் என்று பல காரணங்கள். ஆஸ்பத்திரியில் நடக்கும் பிரசவங்கள் அதிகமானது இன்னொரு காரணம். 2005-06-இல் நாட்டில் 100 பிரசவங்களில் 39 மட்டுமே ஆஸ்பத்திரியில் நடந்தன. 2019-21-இல் அது 89 ஆகிவிட்டது.

சந்தோஷமான செய்திதான். ஆனால், உங்களுக்கு ஒரு சந்தேகம் வரவேண்டுமே! இந்த எண் குறைவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. குழந்தைகள் பிழைத்தால் குறையும். இறந்த குழந்தைகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டாலும் குறையும்! பேப்பரில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எது உண்மை என்று கண்டுபிடிப்பதுதான், தாய் சேய் நலத் துறையில் வேலை பார்க்கும் புள்ளியியல் நிபுணரின் வேலை. அவர் ஊசி போடுவதில்லை, மருந்து கொடுப்பதில்லை. விட்டுப்போன குழந்தைகளைத் தேடுகிறார்.

குழந்தைகள் எப்படி விட்டுப்போவார்கள்? தலைப்பிரசவத்துக்கு அம்மா தன் பிறந்த வீட்டுக்குப் போயிருப்பார். கணக்கெடுக்க வருபவர் இங்கே பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். பிறந்த சில நாட்களிலேயே பாப்பா இறந்துபோயிருந்தால், அந்தத் துக்கத்தைப் பற்றிப் பேசவே வீட்டில் பலருக்கு மனம் வராது.

இதற்காக நம் நாட்டில் ‘மாதிரிப் பதிவுத் திட்டம்’ ஒன்று இருக்கிறது. 1969-70 முதல் நாடு முழுவதும் நடக்கிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அதுபோல நாடு முழுவதும் சுமார் 8,800 இடங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அங்கே வசிக்கும் 80 லட்சத்துக்கும் அதிகமானோரின் வீடுகளில் நடக்கும் பிறப்பு, இறப்புகளைக் கவனிக்கிறார்கள். அதுவும் ஒரு முறை அல்ல, இரண்டு முறை! உள்ளூரில் இருக்கும் அங்கன்வாடி ஊழியரோ, ஆசிரியரோ உடனுக்குடன் எழுதிக்கொண்டே வருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் ஒருவர் தனியாக வீடு வீடாகப் போய், இன்னொரு பட்டியல் எடுப்பார். பிறகு இரண்டையும் ஒப்பிடுவார்கள். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத பெயர்களுக்காக மறுபடியும் அந்த வீட்டுக்கே போய் விசாரிப்பார்கள்.

சரி, இரண்டு பேருமே பார்க்காத பாப்பா? அதற்கும் வழி உண்டு! 1949-இல் சி.சந்திரசேகரன் என்ற இந்தியரும், டெமிங் என்ற அமெரிக்கரும் ஒரு கணக்கைச் சொன்னார்கள். மேற்கு வங்காளத்தில் உள்ள சிங்கூர் பகுதியின் பிறப்பு, இறப்புப் பதிவுகளை வைத்து அதைச் செய்துகாட்டினார்கள்.

நாமும் ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோமா? ஓர் ஊரில் அங்கன்வாடி அக்காவின் நோட்டில் 40 பிறப்புகள். மேற்பார்வையாளர் நோட்டில் 30. இரண்டிலும் இருப்பவை 24.

மேற்பார்வையாளர் கண்டுபிடித்த 30-இல் 24 அக்காவிடமும் இருக்கின்றன. அதாவது 100-க்கு 80. அப்படியானால், ஊரில் பிறந்த குழந்தைகளில் 100-க்கு 80 பேர் அக்காவின் நோட்டில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 40 என்பது 80 சதவீதம் என்றால், மொத்தம் 50. இரண்டு நோட்டையும் சேர்த்தால் கிடைப்பது 46 பேர்தான். ஆக, யார் கண்ணிலும் படாத பாப்பாக்கள் சுமார் 4 பேர்!

இந்தக் கணக்குக்கு ஒரு முக்கியமான நிபந்தனை: காப்பி அடிக்கக் கூடாது. மேற்பார்வையாளர் வெயிலுக்குப் பயந்து, அக்காவின் நோட்டைப் பார்த்து 40 பெயரையும் அப்படியே எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நோட்டும் அச்சு அசலாகப் பொருந்தும். ‘ஒருவர்கூட விட்டுப்போகவில்லை, ஆஹா!’ என்று கணக்கு சொல்லும். ஆனால் உண்மையில் 10 பாப்பாக்கள் காணாமல் போயிருப்பார்கள். பரீட்சையில் காப்பி அடித்தால் மார்க்தான் போகும். இங்கே காப்பி அடித்தால், எந்த ஊருக்கு உதவி தேவை என்பதே தெரியாமல் போய்விடும்.

ஏனென்றால், 25 என்பது சராசரி மட்டும்தான். அதே 2023-இல் நகரங்களில் 18, கிராமங்களில் 28. கேரளாவில் 5. மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், சத்தீஸ்கரில் 37. புதிய நர்ஸ்கள், பச்சிளம் குழந்தைகளுக்கான சிறப்பு வார்டுகள் எங்கே முதலில் வேண்டும் என்பதை இந்த எண்கள்தான் காட்டுகின்றன. சரியாக எண்ணாத ஊர் நல்ல ஊர்போலத் தெரியும். அங்கே யாரும் உதவிக்குப் போகமாட்டார்கள்.

அடுத்த முறை ‘குறைந்தது’ என்று செய்தி படித்தால் கைதட்டுங்கள். கூடவே, ‘எப்படி எண்ணினார்கள்?’ என்றும் கேளுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்: உங்கள் வகுப்பில் ஒரு பக்கப் பாடத்தில் வேண்டுமென்றே எழுத்துப்பிழைகள் சேர்க்கும்படி டீச்சரிடம் கேளுங்கள். நீங்களும் உங்கள் நண்பரும் தனித்தனியாகத் தேடுங்கள். இருவர் எண்ணிக்கையையும் பெருக்கி, பொதுவானவற்றின் எண்ணிக்கையால் வகுத்தால், மொத்தப் பிழைகள் ஏறக்குறைய எத்தனை என்று தெரியும். ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது, சரியா?