கேட்டு வெட்டு! சரியாக வெட்டு! வெட்டியதற்குக் கொடு!

விவசாயப் பெருமக்களே! தாய்மார்களே! கூலி வேலை செய்யும் தோழர்களே!

2016-ல் நம்ம திருவண்ணாமலை கிரிவலப் பாதையை அகலப்படுத்துகிறோம் என்று மரங்களை வெட்டினார்கள். ஊர் கொதித்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டு வேலையை நிறுத்தி வைத்தது. 14 கிலோமீட்டர் பாதையில் நின்ற மரத்துக்காகப் பேச ஆள் இருந்தது. சந்தோஷம். ஆனால் நம்ம கொல்லையில் நிற்கிற மாவுக்கும் தென்னைக்கும் பேச யார் இருக்கிறார்கள்? நாம்தான் பேசியாக வேண்டும். அதற்குத்தான் இந்தத் துண்டுப் பிரசுரம்.

செங்கம் பக்கம் எங்கள் சங்க உறுப்பினர் ஒருவர் கொல்லையில் நடந்ததைக் கேளுங்கள். பதினெட்டு வருஷத்து மாமரங்கள். கம்பி வந்தது அதற்குப் பிறகு. ஒருநாள் காலையில் ஒப்பந்தக்காரர் ஆட்கள் நாலு பேர் கோடாலியோடு வந்து இறங்கினார்கள். நோட்டீஸ் இல்லை, உத்தரவு இல்லை. அவர் சந்தையிலிருந்து திரும்பி வருவதற்குள் பதினோரு மரத்தை மொட்டை அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். விழுந்த கிளை அடிமரத்துப் பட்டையையும் சேர்த்து உரித்துக்கொண்டு போயிருந்தது. நாலு மரம் பட்டே போச்சு. இழப்பீடு எங்கே என்று கேட்டால், "கட்டையை நீங்களே விறகுக்கு வெச்சுக்கோங்க" என்று பதில்! காய்க்கிற மரத்துக்கு விறகு விலையா? பால் கறக்கிற மாட்டைத் தோல் விலைக்குக் கேட்பார்களா?

சட்டம் என்ன சொல்லுது? 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டம், பிரிவு 68-ஐப் பாருங்கள். கம்பிக்கு இடைஞ்சலாக மரம் இருந்தால், கம்பிக்குரிய நிறுவனம் நிர்வாக நடுவரிடமோ, அரசு குறிப்பிட்ட அதிகாரியிடமோ மனு போட வேண்டும். மரத்தை என்ன செய்வது என்று முடிவு செய்கிறவர் அவர்தான். கோடாலி பிடித்தவர் அல்ல. அதே பிரிவின் அடுத்த உட்பிரிவு, கம்பி வருவதற்கு முன்பே இருந்த மரத்துக்கு இழப்பீடு தீர்மானிக்க வேண்டும் என்கிறது. அந்தப் பணத்தை நிறுவனத்திடமிருந்து வசூலிக்கும் உரிமை மரத்துக்காரருக்கு உண்டு. புதரும் வேலியும்கூட அந்தப் பிரிவில் மரம்தான்!

2007-ல் கேரள மின்வாரிய வழக்கு ஒன்றில் உச்சநீதிமன்றமும் சொல்லியிருக்கிறது: எல்லாருக்கும் ஒரே வாய்ப்பாட்டைப் போட்டு இழப்பீட்டை முடிக்கக் கூடாது, நிலம் எங்கே இருக்கிறது, கம்பி எப்படிப் போகிறது, நிலத்தின் பயன் எவ்வளவு குறைந்தது என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று. உயர் அழுத்தக் கோபுரக் கம்பிகளுக்கு மத்திய மின் அமைச்சகம் 2024 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதலில், கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு 30 சதவீதம் என்று இருக்கிறது. அது நிலத்துக்கு. மரக்கணக்கு தனி. இரண்டையும் ஒன்றாகக் கலந்து சொன்னால் ஏமாறாதீர்கள்.

"உயிர் முக்கியமா, மரம் முக்கியமா?" என்று நம்மைப் பார்த்துக் கேட்கிறார்கள். நாம் வெட்டாதே என்றா சொன்னோம்? நம்ம மோட்டாருக்கும் கரண்ட் வேண்டும். கம்பியில் கிளை உரசினால் முதலில் சாகிறது நம்ம ஆளும் நம்ம மாடும்தான். வெட்ட வேண்டிய கிளையை வெட்டட்டும். ஆனால் ஒரு முறை இருக்கிறது.

பருத்த கிளையை ஒரே வெட்டில் சாய்க்கக் கூடாது. முதலில் அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கிளையின் கீழ்ப்பக்கம் கால்வாசி அறுக்கணும். பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால், கிளை பட்டையை உரிக்காமல் விழும். மிச்சமுள்ள முண்டை, கிளை அடியில் புடைத்திருக்கும் கழுத்தை ஒட்டி, கழுத்துக்குக் காயம் படாமல் எடுக்கணும். முண்டை நீட்டி விட்டால் அழுகும். கழுத்தையும் சேர்த்து வெட்டினால் காயம் மூடாது. மா மரத்தில் வெட்டுவாயில் போர்டோ பசை தடவணும்: மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். இதற்கு என்ன கோடி ரூபாயா செலவு?

தென்னையும் பனையும் வேறு கதை. அதுக்குக் குருத்து ஒண்ணுதான். தலையைச் சீவினால் மரம் செத்தது. ஆகவே, "கழித்துத்தானே விட்டோம்" என்ற பேச்சு அங்கே செல்லாது. முழு மரத்துக்கும் கணக்குப் போட வேண்டும். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு அறிவித்தது. அதையும் கேளுங்கள்.

இன்னொன்று. மரத்தில் ஏறுகிறவர் நமக்கு எதிரி இல்லை. அவரும் நம்ம ஊர்க் கூலிக்காரர்தான். எல்.சி. வாங்காமல், கயிறும் பெல்ட்டும் இல்லாமல் அவரை ஏற்றிவிடுகிறவர்தான் குற்றவாளி. சட்டப்படி, தன் தொழிலுக்கான வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டாலும் முதன்மை நிர்வாகம் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. லைன் அணைந்ததா என்று கேட்காமல் எவரையும் நம்ம கொல்லையில் ஏற விடக் கூடாது.

நம்ம பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறோம். கம்பி போன பிறகு அதன் கீழேயே தென்னங்கன்றை நட்டுவிட்டு இழப்பீடு கேட்டால் சட்டம் நம்ம பக்கம் நிற்காது. கம்பிக்கு முன்பே இருந்த மரம் என்று காட்ட ஆதாரம் வேண்டும். மரங்களை எண்ணி அடங்கலில் ஏற்றச் சொல்லி கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். புறம்போக்கில் 2சி பட்டாவில் புளி அனுபவிப்பவர்கள் அந்தப் பட்டாவைப் பத்திரப்படுத்துங்கள். போட்டோ எடுத்து வையுங்கள்.

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது:

1. எழுத்துபூர்வ உத்தரவைக் காட்டாமல் பட்டா நிலத்தில் ஒரு கிளையையும் தொடக் கூடாது.
2. வெட்டுவதற்கு முன் நிலத்துக்காரர் முன்னிலையில் மரங்களை எண்ணி, வயது, காய்ப்பு குறித்து, நகல் கொடுக்க வேண்டும்.
3. தோட்டக்கலை அலுவலர் மதிப்பிட்டு, மரம் இனி காய்க்கக்கூடிய வருஷங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.
4. கிளை கழிக்கும் ஆட்களுக்குப் பயிற்சியும், கயிறு, பெல்ட், தலைக்கவசமும் கொடுக்க வேண்டும்.
5. பொது இடத்து மரங்களுக்காக 2021-ல் அமைக்கப்பட்ட மாவட்ட பசுமைக் குழுவின் முடிவுகளை ஊராட்சிப் பலகையில் ஒட்ட வேண்டும்.

விவசாயிகளே! இதில் ஒன்றுகூட சலுகை இல்லை. சட்டத்தில் இருப்பதையும், ஒழுங்காக வேலை செய்வதையும்தான் கேட்கிறோம். அடுத்த விவசாயிகள் குறைதீர்வு நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்கு வெறுங்கையோடு வராதீர்கள். வெட்டுப்பட்ட கிளை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வாருங்கள். மனு பேசாததை அந்தக் கிளை பேசும்.

கேட்டு வெட்டு! சரியாக வெட்டு! வெட்டியதற்குக் கொடு!

இப்படிக்கு,
சங்கத்திற்காக, செயலாளர்
திருவண்ணாமலை