யாருடைய பழைய ஏற்பாடு?

யூதன் என்றால் பார்ப்பான், பரிசேயன் என்றால் அக்கிரகாரத்து ஆசாமி, இயேசு அவர்களை எதிர்த்து நின்ற சேரிக்காரர். சிறுசேரி, நாவலூர், கேளம்பாக்கம் பக்கத்துச் சபைகளில் இந்தச் சமன்பாட்டைக் கேட்காமல் ஒரு தலித் விடுதலை ஞாயிறு கழிவதில்லை. பிரசங்கம் சூடு பிடிக்கிறது, காலனிச் சனம் தலையாட்டுகிறது. சொல்கிறவர்கள் நம் தோழர்கள்தான், நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் இது பொய். வெறும் வரலாற்றுப் பிழையாக இருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். நம்ம கையில் இருக்கிற ஆயுதத்தை நாமே பிடுங்கி எதிராளியிடம் கொடுக்கிற வேலை இது. அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு முதலில் மொழிதான் உறுத்துகிறது. சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715இல் அச்சாகி முடிந்தது. பிறகு பப்ரிசியஸ். பிறகு 1871இல் பவர் திருத்தம். இந்த வழியில் வந்த வேதப்புத்தகத்தைத்தான் நம் வீட்டுப் பெரியம்மாக்கள் இன்றும் மடியில் வைத்திருக்கிறார்கள். அதில் எருசலேம் ஆலயத்தில் பலி செலுத்துகிறவன் 'ஆசாரியன்'. சட்டம் கற்ற எழுத்தர்கள் 'வேதபாரகர்'. சடங்குத் தூய்மை கெடுவது 'தீட்டு'. யூதரல்லாத மக்கள் 'புறஜாதியார்'. நாலு சொல்லையும் வரிசையாகக் காதில் போட்டுப் பாருங்கள். கலிலேயா நமக்குத் தெரியாது, கோயில் தெரு தெரியும். எருசலேமுக்கு அக்கிரகாரத்துச் சட்டையை மாட்டிவிட்டது மொழிபெயர்ப்பு. கிரேக்கத்தில் 'எத்னே' என்றால் மக்களினங்கள். அன்றைய தமிழில் ஜாதி என்ற சொல்லுக்கு அந்தப் பொருளும் உண்டு. இன்றைக்குப் புறஜாதி என்று கேட்டால் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட நாம்தான் நினைவுக்கு வருகிறோம். கத்தோலிக்கர் தங்கள் புதிய மொழிபெயர்ப்பில் 'பிற இனத்தார்', 'மறைநூல் அறிஞர்' என்று மாற்றிக்கொண்டார்கள். நம் சபைகள் அசையவில்லை.

சரி, சொல்லைத் தாண்டி உள்ளே போவோம். இயேசு யூதர். எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்யப்பட்டு, பஸ்காவுக்கு எருசலேம் போய், ரோம ஆளுநன் பிலாத்துவின் தீர்ப்பில், ரோம தண்டனையான சிலுவையில் செத்த யூதர். பெற்றவள் யூதப் பெண். பன்னிரண்டு பேரும் யூதர். பவுல் தன்னைப் பரிசேயன் என்று தானே எழுதிக்கொள்கிறார். கிறிஸ்தவம் என்று தனியாக ஒரு மதம் அவர்கள் யாருக்கும் தெரியாது. அந்நியன் ஆண்ட ஒரு நாட்டில், யூத சமயத்துக்குள்ளே கிளம்பிய பல இயக்கங்களில் அது ஒன்று. எருசலேமில் அதை நடத்தியவர் இயேசுவின் சகோதரர் யாக்கோபு. 62ஆம் ஆண்டு வாக்கில் தலைமை ஆசாரியன் ஒருவன் அவரைக் கல்லெறிந்து கொல்ல வைத்தபோது, நியாயப்பிரமாணத்தில் கறாராக இருந்த யூதர்களே அதை எதிர்த்து முறையிட்டார்கள் என்று யோசேப்பஸ் எழுதி வைத்திருக்கிறார்.

பரிசேயர் பிறப்பால் வந்த பூசாரிகள் அல்லர். பூசாரித்தனம் ஆரோன் வம்சத்துக்கு. அதன் மேல்மட்டம்தான் சதுசேயர், ரோமோடு ஒத்துப்போய்ப் பிழைத்தவர்கள். பரிசேயர் பெரும்பாலும் பூசாரிக் குலத்துக்கு வெளியே இருந்தவர்கள், சட்டத்தை வாதாடி வாதாடி வாழ்க்கைக்குக் கொண்டுவரப் பார்த்தவர்கள். இயேசுவைப் போலவே உயிர்த்தெழுதலை நம்பியவர்கள். ஏரோது கொல்லத் தேடுகிறான், இங்கிருந்து போய்விடும் என்று இயேசுவை எச்சரித்ததே பரிசேயர்தான், லூக்கா 13இல் இருக்கிறது. பிரசங்கத்தில் அந்த வசனம் வரவே வராது. மத்தேயு 23இல் பரிசேயர்மேல் அவ்வளவு வசவு இருக்கிறதே என்றால், ஆமாம், இருக்கிறது. 70இல் ரோமர் ஆலயத்தை இடித்த பிறகு, மிஞ்சிய யூதக் கூட்டங்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்ட பங்காளிச் சண்டையின் சூடு அதில் ஏறியிருக்கிறது. அந்த வசவைப் பிடித்துக்கொண்டு ஐரோப்பா அந்தக் குடும்பத்தையே நூற்றாண்டுக் கணக்கில் கொளுத்தியது.

தீட்டு விஷயத்துக்கு வருவோம். யூதச் சட்டத்தில் பிணத்தைத் தொட்டால் தீட்டு. முழுகி, நாள் கழித்தால் தீர்ந்தது. தலைமை ஆசாரியனுக்கும் அது வரும். (பெண்ணுடம்பின் மேல் அந்தச் சட்டம் ஏற்றிய பாரம் தனிக்கதை. அதற்குச் சப்பைக்கட்டு கட்ட நான் வரவில்லை.) பிறக்கும்போதே ஒட்டி, குளித்தாலும் போகாமல், படித்தாலும் போகாமல், ஞானஸ்நானம் எடுத்தாலும் போகாமல், கல்லறைத் தோட்டத்துச் சுவர் வரைக்கும் கூட வருகிற தீட்டு இந்த நாட்டுச் சரக்கு. யூதன்தான் பார்ப்பான் என்று சொன்னால் என்ன ஆகிறது? சாதி எல்லா ஊரிலும் இருப்பதுதான் என்றாகிறது. அதைத்தானே அவனும் சொல்கிறான்!

கொச்சியில் யூதரே சாதி பழகிக்கொண்டார்கள். மட்டாஞ்சேரியில் 1568இல் எழும்பிய பரதேசி ஜெபாலயத்தில், விடுதலையான அடிமைகளின் வழிவந்த யூதர்களுக்குச் சரிசமமான இடம் கிடையாது. அந்தக் கூட்டத்தில் பிறந்த வழக்கறிஞர் ஏ.பி. சாலெம் ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். அம்பேத்கரோ தீண்டப்படாதோர் பற்றிய தம் கைப்பிரதி ஒன்றின் தலைப்பில் 'கெட்டோ' என்ற சொல்லை வைத்தார். ஐரோப்பாவில் யூதர்களை அடைத்து வைத்த சேரியின் பெயர் அது. அவர் கணக்கில் யூதனுக்குப் பக்கத்தில் நிற்பது நாம்.

இது நம் வீட்டுக்குள்ளே நடக்கிற தவறு. இதைவிடப் பழையது, இதைவிடப் படித்தவர்கள் செய்தது, இன்னொன்று இருக்கிறது. 1875இலேயே வங்காளத்துப் பிராமணக் கிறிஸ்தவர் கிருஷ்ண மோகன் பானர்ஜி, வேதகாலப் பிரஜாபதி யாகத்தில் கிறிஸ்துவுக்கு முன்னடையாளம் இருக்கிறது என்று புத்தகம் போட்டார். 1937இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்திலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியது. மறு வருஷம், 1938 டிசம்பரில், அந்த வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. தாம்பரம் ரயிலடியிலிருந்து நடந்து போகிற தூரம்தான். அந்த மாநாட்டையொட்டி, இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி யோசிப்போம் என்று சென்னை அறிஞர் குழு ஒரு நூல் வெளியிட்டது. அதில் முக்கியமானவர் பி. சென்சையா, புதுக்கோட்டை சமஸ்தானத்தில் தலைமை நீதிபதியாக இருந்தவர். இந்தியக் கிறிஸ்தவனுக்கு யூதரின் பழைய ஏற்பாடு கட்டாயமில்லை, இந்து சாஸ்திரங்களே அந்த இடத்தில் நிற்கலாம் என்பது அவர் வாதம்.

அந்தக் குழுவை இழிவாகப் பேச மாட்டேன். வெள்ளைக்கார மிஷனரியின் மேலாண்மையை நேருக்கு நேர் கேட்டவர்கள். அவர்களில் ஒருவரான சக்கரை தொழிற்சங்கம் கட்டியவர். ஆனால் கேள்வி நிற்கிறது. யாருடைய சாஸ்திரம், யாருக்குப் பழைய ஏற்பாடு? அன்றைக்குத் தமிழ்நாட்டுச் சபைகளில் உட்கார்ந்திருந்த நம் பாட்டன் பூட்டிகளுக்கு அந்த நூல்களைக் காதால் கேட்கவும் உரிமை இருந்ததில்லை. புருஷ சூக்தத்தில் சூத்திரனுக்காவது பாதம் கிடைத்தது. நமக்கு அந்த உடம்பிலேயே இடமில்லை. அந்த உடம்பிலிருந்து தப்பித்து வந்தவனிடம், உன் பூர்வீகம் அதுதான் என்று எழுதிக் கொடுப்பதற்குப் பெயர் சுதேசி இறையியலாம்.

சபைக்கு இது முதல் முறையும் இல்லை. 144 வாக்கில் ரோமாபுரிச் சபையிலிருந்து மார்சியன் என்ற கப்பல் வியாபாரி வெளியேற்றப்பட்டான். யூதரின் கடவுள் வேறு, இயேசுவின் தகப்பன் வேறு, பழைய ஏற்பாடு வேண்டாம் என்றவன். அவன் கொடுத்த பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். மார்சியனை விரட்டிய சபை புத்தகத்தை வைத்துக்கொண்டது, புத்தகத்துக்கு உரிய மக்களைத் துரத்தியது. யூதராகவே இருந்து இயேசுவைப் பின்பற்றியவர்களுக்கு எபியோனியர் என்று பெயர். எபிரேயத்தில் அதற்கு ஏழைகள் என்று அர்த்தம். 180 வாக்கில் ஐரேனியஸ் அவர்களைக் கள்ள உபதேசக்காரர் பட்டியலில் சேர்த்தார். 325 நிசேயாவுக்குப் பிறகு, ஈஸ்டர் தேதியைக்கூட யூதரோடு ஒட்டி வைக்கக் கூடாது என்று பேரரசன் கான்ஸ்டன்டைன் கடிதம் எழுதினான். தாம்பரம் மாநாட்டுக்கு முந்தின மாதம்தான் ஜெர்மனி முழுக்க ஜெபாலயங்கள் எரிந்தன. ஐந்து மாதம் கழித்து, 1939 மே மாதம், ஐசனாக் நகரத்தில் சபையிலிருந்து யூதத் தடயத்தைத் துடைப்பதற்கென்றே பேராசிரியர்கள் ஒரு நிறுவனம் திறந்தார்கள். அங்கிருந்து யூத வாடை இல்லாத புதிய ஏற்பாடு ஒன்றும் அச்சாகி வந்தது. சென்சையாவும் அவர்களும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. வேரை வெட்டுகிற கத்தி யார் யார் கைக்குப் போகும் என்று மட்டும் காட்டுகிறேன்.

அந்த வேரில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிலம் இருக்கிறது.

லேவியராகமம் 25. நிலத்தை நிரந்தரமாக விற்கக் கூடாது, ஐம்பதாம் வருஷம் கைமாறிய நிலம் உரிய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும் என்கிற சட்டம். இப்போது செங்கல்பட்டுக்கு வாருங்கள். 1891இல் இந்த மாவட்டத்துக் கலெக்டர் டிரமன்ஹீர் பறையர் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். ஆதாம் ஆண்ட்ரூ போன்ற மிஷனரிகளும் நிலம் கேட்டு நெருக்கினார்கள். 1892இல் அரசாணை. பஞ்சமி நிலம் பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவரைத் தவிர யாருக்கும் விற்கக் கூடாது. கலெக்டர் லேவியராகமத்தைப் பார்த்து எழுதினார் என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் உள்ளே ஓடுவது ஒரே அறிவு. ஏழையின் கையில் வந்த நிலம், விற்கலாம் என்று திறந்துவிட்டால், ஒரு கல்யாணச் செலவுக்கு, ஒரு வைத்தியச் செலவுக்குக் கைமாறிப் போகும். அந்தச் சட்டம் இருந்தும் போனது. எப்படிப் போனதென்று பழைய மாமல்லபுரம் சாலையில் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். ஜான் என்பது யோவான், எபிரேயப் பெயர். தாமஸ் என்பது தோமா, அரமேயப் பெயர். அந்த மக்கள் நிலத்தைப் பற்றி எழுதிவைத்த சட்டம் நமக்குச் சம்பந்தமில்லாதது என்று அந்தக் கல்லறைக்கு முன்னால் போய்ச் சொல்லுங்கள் பார்ப்போம்.

நினைவும் இருக்கிறது. எகிப்திலிருந்து புறப்பட்ட கதைக்குத் தொல்லியல் சான்று கிடைக்கவில்லை என்கிறார்கள். இருக்கட்டும். எனக்கு ஆச்சரியம் வேறு. நம்ம நாட்டில் ஒவ்வொரு சாதிச் சங்கமும் ஆண்ட பரம்பரை என்று போஸ்டர் ஒட்டுகிறது. கேரளத்துத் தோமா கிறிஸ்தவக் குடும்பங்கள், முதல் நூற்றாண்டில் அங்கே இருந்தார்களா என்பதே சந்தேகமான நம்பூதிரிகளைப் பாட்டன் என்கின்றன. ஒரு சனம் மட்டும் எங்க முன்னோர் அடிமைகள் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லி, கசப்புக் கீரையோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது. உபாகமம் 26இல் முதல் விளைச்சலைக் கொண்டுவருகிறவன் ஓதுவதும் அந்த அடிமைக் கதைதான். சென்னை குருக்குல் இறையியல் கல்லூரியில் தலித் இறையியல் துறையை நடத்திய அரவிந்த் நிர்மல் அந்தப் பகுதியைத்தான் தலித்தின் விசுவாச அறிக்கைக்கு அடிப்படையாக எடுத்தார். உபநிஷத்தில் அவருக்கு அப்படி ஒரு பத்தி கிடைக்கவில்லை.

அப்புறம் பந்தி. கலாத்தியர் 2ஆம் அதிகாரம். அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாதவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாக்கோபிடமிருந்து ஆள் வந்ததும் எழுந்து ஒதுங்கினார். பவுல் எல்லார் முன்னாலும் அவரைக் கேட்டார். ஆதிசபையிலேயே தனிப்பந்தி இருந்தது, ஆகவே நாங்கள் தனியாக உட்காருவதில் தப்பில்லை என்று மேல்சாதிக் கிறிஸ்தவர் சொல்ல நானே கேட்டிருக்கிறேன். அந்தத் தனிப்பந்தி கண்டிக்கப்பட்டதுதானே அதிகாரத்தின் சங்கதி? ஒதுங்கினவரும் யூதர், ஒதுங்காதே என்றவரும் யூதர். பரிசேயர் பவுலுக்கு நியாயம் தெரிந்தது. தரங்கம்பாடியில் 'புதிய எருசலேம்' என்று பெயர் வைத்துக் கோயில் கட்டியவர்களுக்குத் தெரியவில்லை. தஞ்சாவூர் அரசன் படையில் இருந்து உபதேசியாரான ராஜநாயக்கனை, பறையர் என்பதால் குருவாக்கத் தயங்கினார்கள். அவர் கையால் நற்கருணை வாங்க மற்றவர்கள் கூசுவார்களாம். 1741இல் அந்த இடம் தியோகுவுக்குப் போனது. 1847இல் அமெரிக்கன் மதுரை மிஷன் தன் உபதேசிமாருக்கு ஒரு சோதனை வைத்தது. தாழ்த்தப்பட்டவர் சமைத்ததை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பலர் வேலையை விட்டார்கள், சோற்றைத் தொடவில்லை.

எதிர்க்கேள்விகள் உண்டு. லேவியராகமம் 25இலேயே 44ஆம் வசனத்துக்கு மேல், அந்நியரை நிரந்தர அடிமையாக வைத்துக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. அதை மறைக்க வேண்டாம், அதோடு சண்டை போடுவோம். தன் வேதத்தோடு தானே சண்டை போடுகிற வழக்கம் ஆமோஸிலிருந்து தொடங்கியது, அதுவும் யூதருடையதுதான். யோசுவா புத்தகத்தில் கானானியர் கொல்லப்படுவதைக் கானானியர் பக்கமிருந்து நாம் படிக்க வேண்டும். வேதத்து இஸ்ரவேல் வேறு, 1948இல் உருவான அரசு வேறு. காசாவின் பிணங்களுக்கு மேல் அந்த அரசின் கொடியைப் பிடித்து ஜெபிக்கிற ஊழியக்காரர்களுக்கு மோசேயின் பெயரைச் சொல்ல என்ன உரிமை? பௌத்தம்தான் வழி என்று சொல்கிற தோழர்களோடு எனக்கு வழக்கில்லை. போகிறவர்கள் போகட்டும். ஆனால் 1950 ஆணையால் பட்டியலிலிருந்து வெளியே தள்ளப்பட்டும் சபைக்குள்ளே இருக்கிற நம் சனத்திடம், உன் கையில் இருக்கிற புத்தகத்தில் பாதி பார்ப்பானுடையது என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

செங்கல்பட்டு வட்டாரத்துச் சபைகளிடம் நான் கேட்பது சின்ன விஷயம். அக்டோபர் 10ஐ ஒட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமையில் லேவியராகமம் 25ஐ வாசியுங்கள், காரணையின் பெயரைச் சொல்லி வாசியுங்கள். போன வருஷம் ஒரு போதகரிடம் கேட்டேன். அது யூதரின் சட்டம், கிருபையின் காலத்தில் நமக்குப் பொருந்தாது என்றார். அன்றைக்கு அவர் பிரசங்கித்தது தசமபாகம். அது லேவியராகமம் 27, இரண்டு அதிகாரம் தள்ளி இருக்கிறது.