பேர் சொல்லிக் கூப்பிடலாமா?

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த சீனியர் ஒருவர் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தார். அங்கே மேலாளரைக்கூட பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். 'சார்' போட்டால் சிரிப்பார்களாம். "நம்ம ஊர்லதான் இன்னும் சார், ஐயா, மொதலாளின்னு அடிமைத்தனம். பேர் சொல்லிக் கூப்பிடுறதுதான்டா சமத்துவம்" என்று கம்பத்தில் ஒரு டீக்கடையில் நின்று அரைமணி நேரம் வகுப்பெடுத்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அப்போது பைக்கில் ஒரு பையன் வந்து நின்றான். பதினாறு வயசு இருக்கும். ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "நாளைக்குத் தோட்டத்துல வேலை இருக்கு, வெள்ளனமே வந்துரு" என்றான். அவருக்கு அறுபது வயசுக்குக் குறையாது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரிங்கய்யா" என்றார்.

இதுவும் பேர் சொல்லிக் கூப்பிடுவதுதானே? சீனியரிடம் கேட்டேன். "அது வேற, இது வேற" என்றார். என்ன வேற என்று அவர் சொல்லவில்லை.

வேறுதான். சென்னையில் இவர் மேலாளரைப் பேர் சொல்கிறார், மேலாளரும் இவரைப் பேர் சொல்கிறார். கொடுத்ததே திரும்பி வருகிறது. டீக்கடையிலோ இந்தப் பக்கமிருந்து பேர் போகிறது, அந்தப் பக்கமிருந்து 'ஐயா' வருகிறது. ஆகவே பேரா, பட்டமா என்று அடித்துக்கொள்வதில் அர்த்தமில்லை. கொடுத்தது திரும்பி வருகிறதா என்று பார்த்தால் போதும்.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. 1963-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினப் பெண் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நின்றார். வெள்ளைக்காரர்களை மிஸ்டர், மிஸ் என்று மரியாதையாக விளிப்பதும் கறுப்பர்களை வெறும் பேர் சொல்வதும் அங்கே வழக்கம். அரசு வக்கீல் "மேரி" என்றார். மிஸ் ஹாமில்டன் என்று கூப்பிடாதவரை பதில் சொல்ல மாட்டேன் என்று அவர் நின்றுவிட்டார். நீதிமன்ற அவமதிப்பு என்று ஐந்து நாள் சிறை, ஐம்பது டாலர் அபராதம். 1964-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. நம் சீனியர் 'அடிமைத்தனம்' என்று சொன்ன அதே பட்டத்துக்காக ஒரு பெண் ஜெயிலுக்குப் போகத் தயாராக இருந்திருக்கிறார்.

தமிழ்நாட்டில் பட்டங்களை ஒருவகையில் நாம் முன்பே கழற்றிவிட்டோம். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு, பேருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. இன்று நம்மில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு இனிஷியல், ஒரு பேர், அவ்வளவுதான். (வெளிநாட்டுக்குப் போனால் 'மிஸ்டர்' போட்டு அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அப்பாவைத் தேடுகிறார்களோ என்று திரும்பிப் பார்க்க வேண்டியதுதான்.)

ஆனால் பேரின் வாலை வெட்டினாலும் வினைச்சொல்லின் வால் அப்படியே இருக்கிறது. வந்தான், வந்தார். வா, வாங்க. ஆங்கிலத்தில் மிஸ்டரை விட்டுவிட்டால் எல்லோரும் 'யூ'தான். தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது, வாயைத் திறந்தாலே ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். விடியற்காலையில் இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், யாருக்கு 'ஏறு', யாருக்கு 'ஏறுங்க' என்று காது கேட்டுவிடும்.

மரியாதை பட்டத்தில் இல்லை என்பதற்கு எங்கள் பள்ளத்தாக்கிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1895-ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த கர்னல் ஜான் பென்னிகுவிக். அவர் காலத்தில் இங்கே யாரும் அவர் முகத்துக்கு நேரே பேர் சொல்லியிருக்க முடியாது, 'துரை'தான். இன்று லோயர் கேம்ப்பில் 2013-ல் திறந்த மணிமண்டபம் இருக்கிறது, தேனி புது பஸ் ஸ்டாண்டுக்கும் அவர் பேர். வீட்டில் சாமி படத்தோடு அவர் படத்தையும் மாட்டுகிறார்கள், பிள்ளைகளுக்கு அவர் பேரையே வைக்கிறார்கள். "டேய் பென்னிகுவிக், போய் பால் வாங்கிட்டு வாடா" என்று ஒரு அம்மா சத்தம் போட்டால் இங்கே யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள். துரையும் போச்சு, கர்னலும் பேச்சில் அநேகமாகப் போச்சு. ஆனால் எந்த விவசாயியைக் கேட்டாலும் "பென்னிகுவிக் கட்டுனாரு" என்பார். 'கட்டுனான்' என்று யார் வாயிலும் வராது.

சுவீடனிலும் ஒரு காலத்தில் பட்டம் சொல்லாமல் பெரியவர்களிடம் பேச முடியாது. 1967-ல் பிரூர் ரெக்ஸெட் என்பவர் அந்நாட்டின் மருத்துவ வாரியத்துக்குத் தலைவராக வந்தபோது, ஊழியர்கள் எல்லோரையும் முதல் பேர் சொல்லி, நம் 'நீ'க்குச் சமமான சொல்லால்தான் விளிப்பேன் என்று அறிவித்தார். கொஞ்ச வருஷத்தில் நாடே அப்படி மாறியது. நாமும் எல்லோரும் 'நீ'க்கு இறங்கிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. மேலே இருப்பவன் கீழே இருப்பவனை ஏற்கெனவே 'நீ' என்றுதான் சொல்கிறான், அவனுக்கு அதில் ஒரு மாற்றமும் இல்லை. கீழே இருப்பவர் திருப்பிச் சொன்னால்தான் அடி விழும். ரிஸ்க் முழுக்க அவர் தலையில். அதனால் நம் ஊரில் ஏறித்தான் ஆக வேண்டும். தோட்டத்து வேலையாள், துப்புரவுத் தொழிலாளி, எல்லோருக்கும் 'வாங்க'. (புருஷன் பேரை மனைவி சொல்லக்கூடாது, அவன் மட்டும் 'ஏய்' என்பான் என்கிற வீட்டுக் கணக்கும் இதில் சேர்த்திதான்.)

"நீ வாங்கன்னு சொன்னா அவங்களுக்கே கூச்சமா இருக்கும்" என்பார்கள். உண்மைதான். எங்கள் வீட்டுக்குத் தேங்காய் வெட்ட வருகிறவரை எல்லோரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம், நானும் சின்ன வயசிலிருந்து. போன வருஷம் முதல்முறை "வாங்கய்யா, உக்காருங்க" என்றபோது, பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து அப்பத்தா, "அவனைப் போயி வாங்கங்கிற, படிச்ச கிறுக்கா" என்று கத்தினார்கள். நான் விடவில்லை. நாலைந்து முறைக்குப் பிறகு அவர் என்னைச் 'சின்னையா' என்பதை விட்டுவிட்டு 'தம்பி' என்கிறார். அப்பத்தா மாறுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆனால் நான் வீட்டில் இருந்தால், "தேங்கா வெட்ட ஆள் வந்திருக்கு" என்கிறார்கள். 'வந்திருக்கான்' என்பதிலிருந்து 'வந்திருக்கு' வரை வந்திருக்கிறார்கள்.