நாற்காலியை விட்டு எழட்டும் தலைமை!

காரைக்குடிக்குக் கட்டடப் பஞ்சம் இல்லை. மின்வேதியியல் ஆய்வகம் தம் ஊருக்கு வரவேண்டுமென்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் எடுத்துத் தந்த வள்ளல் அழகப்பரின் ஊர் இது. 1947இல் கல்லூரி கண்டது. 1985இல் பல்கலைக்கழகம் கண்டது. கொடுத்துச் சிவந்த கரங்களை மறவோம். ஆனால், வள்ளல் தருவது கட்டடம். அதற்குள் பாடம் தருபவர் யார்? ஆசிரியர்!

இதே ஊரில், மீனாட்சி சுந்தரேசுவரர் உயர்நிலைப் பள்ளியில், 1949 முதல் 1978 வரை தமிழாசிரியராகப் பணியாற்றினார் கவிஞர் முடியரசன். அத்தகையவர் வாய்ப்பது பள்ளியின் நற்பேறு. எல்லாப் பள்ளிக்கும் ஒரு முடியரசன் கிடைப்பாரா? கிடைக்கமாட்டார். ஆகவேதான் கேட்கிறோம்: சாதாரண ஆசிரியரைச் சிறந்த ஆசிரியராக்கும் பொறுப்பு யாருக்கு?

தலைமையாசிரியருக்கு என்கிறோம். கடைசி வரிசையில் அமர்ந்து அவரும் பாடம் கேட்கட்டும். குறை கண்டால் தனியே கூறட்டும். நிறை கண்டால் எல்லோர் முன்னும் பாராட்டட்டும். கணக்கை இனிக்க இனிக்கக் கற்பிப்பவரின் வகுப்புக்குப் புதிதாக வந்தவரை அனுப்பி வைக்கட்டும்.

வேவு பார்ப்பதா என்று சினப்பர் சிலர். அன்று ஆய்வாளர் வருகிறார் என்றால், சுவரில் வெள்ளை, சட்டையில் கஞ்சி, மாணவர் நாவில் மனப்பாடம்! வந்தவர் போனதும், பழைய குருடி கதவைத் திறடி! ஆண்டுக்கொரு நாள் வந்து மிரட்டுவது அதிகாரம். அன்றாடம் அருகில் நிற்பது தலைமை.

இன்றோ, தலைமையாசிரியர் எங்கே இருக்கிறார்? கணினித் திரையின் முன்! வருகைப் பதிவா, நலத்திட்டப் பொருள் கணக்கா, எமிஸ் விவரமா, எல்லாம் அவர் தலையில். தலைமையாசிரியர் இடம் காலியாக உள்ள பள்ளியில், பொறுப்பேற்ற ஆசிரியர் தம் வகுப்பையும் விட்டுவிட்டுக் கோப்புக்குள் மூழ்குகிறார். பெயரில் ஆசிரியர், பணியில் குமாஸ்தா!

1953இல் வந்த குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்து நின்ற இயக்கம் நம்முடையது. 1954இல், காமராசர் ஆட்சியில், அது கைவிடப்பட்டது. அப்பன் தொழிலே பிள்ளைக்கு என்ற பூட்டு உடைந்தது. பள்ளிக்குள் வந்த அந்தப் பிள்ளை, பாடம் புரியாமல் வெளியேறினால், உடைத்த பூட்டை நாமே மாட்டியவர் ஆவோம். வசதி படைத்தவன் வாத்தியாரை வீட்டுக்கே வரவழைப்பான். வண்டியோட்டியின் மகளுக்கு வகுப்பறை ஒன்றே கதி!

ஆகவே, கோட்டையில் யார் அமர்ந்தாலும் கேட்போம்: காலியிடங்களை நிரப்புக! எழுத்து வேலைக்கு எழுத்தரைத் தருக! தலைமையாசிரியரை வகுப்பறைக்கு அனுப்புக!